காலி வண்டி

கோவிந்தாபுரம் எடைமேடையில் எனக்குப் பதினேழு வருஷம்.
வைக்கோல், இளநீர், எம்-சாண்ட், கறிக்கோழி
என் கண்ணாடிக்கு அப்பால் ஏறி நின்று
சிவப்பு எண்ணாகிப் பாலக்காட்டுப் பக்கம் போகும்.
யாரையும் நம்ப வேண்டாத வேலை.
"காலி வண்டிங்ணா" என்பான் டிரைவர்.
எண் வேறு சொல்லும்.

என்னை மட்டும் அதில் ஏற்றியதில்லை.
இருபது இருபதாகத்தான் எண்ணும் அது.
நூற்றிப் பதினான்கு கிலோவை
இரக்கப்பட்டு நூறு என்றாலும் சொல்லும்,
கோபத்தில் நூற்றிருபது என்றாலும் சொல்லும்.

சித்திரையில் ஊசியைத் தொடங்கினேன்.
ஞாயிறுக்கு ஒன்று,
தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளி.
வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஹேமாவதி கேட்பாள்.
நவாஸின் ஜூஸ் கடையில் இருந்தது,
நன்னாரி பாட்டில்களுக்குப் பின்னால்.
"சுகர் ஊசியாண்ணா?"
"ஆமா."
அது முழுப் பொய்யும் இல்லை.

இருபத்திரண்டு கிலோ இறங்கியது.
பெல்ட்டில் ஆணியை வைத்து நான்கு புது ஓட்டை அடித்தேன்.
காலையில் நடப்பதால்தான் என்று
ஹேமாவதி தெருவெல்லாம் சொன்னாள்.
நானும் நடந்தேன், நவாஸ் கடை வரைக்கும்.
இறங்கிய வேகத்துக்குக் கூலியாய்ப்
பித்தப்பையில் கல் சேர்ந்தது.

பாலக்காட்டில் ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை.
'இப்போது எடுக்கும் மருந்துகள்' என்ற கட்டத்துக்கு வந்தபோது
ஹேமாவதி என் தோளுக்கு மேல் படித்துக்கொண்டிருந்தாள்.
பிரஷர் மாத்திரையை மட்டும் எழுதினேன்.
ஞாயிறு வழக்கம்போல் குத்திக்கொண்டேன்.
திங்கள் இரவு எட்டு மணிக்கு
நாலு இடியாப்பம், கடலைக்கறி.
அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் இல்லை, சத்தியமாக.

மயக்க மருந்து டாக்டர் ஷைனி சின்னப் பெண்.
பைஜாமா நாடா எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று பார்த்தாள்.
வயிற்றில் பச்சை படர்ந்த புள்ளியைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் மெஷினை உருட்டி வந்தாள்.
பசை சில்லென்றது.
"தெய்வசிகாமணி, ராத்திரி கழிச்சது
இவிடெத்தன்னே உண்டல்லோ."

பதினான்கு மணி நேரம் ஆகியும்
இறங்காமல் நிற்கிறது சரக்கு.
"உறங்கும்போது இது மேலே வந்தால்
நுரையீரலுக்குள் போகும்.
ஏதாணு ஊசி?"

பதினேழு வருஷம் நான் கேட்ட அதே பொய்யை
அதே முகத்தோடு சொல்ல வாயெடுத்தேன்.
திரையில் சாம்பல் நிறத்தில் இருந்தது கடலை.
பேரைச் சொன்னேன்.

ஹேமாவதியை உள்ளே கூப்பிட்டார்கள்.
ஃபிளாஸ்க்கை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.
பஸ் கொல்லங்கோடு தாண்டும்வரை பேசவில்லை.
அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி
"நவாஸுக்குத் தெரியும்" என்றாள்.
அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிறு ஊசி இல்லை.
ஒன்பதாம் நாள் பசி திரும்பி வந்தது,
பழைய கடன்காரன் மாதிரி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்.
பரோட்டாக் கல்லின் சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.
கடைசி நாள் முழுக்கத் தண்ணியாகாரம்.
கஞ்சியைத் துணியில் வடித்து,
ஒரு பருக்கை விழுந்ததற்கு மறுபடியும் வடித்து
டம்ளரை என் கையில் தராமல் மேஜையில் வைத்தாள்.

மறுபடி பசை, மறுபடி சில்லென்றது.
"இப்ப காலி" என்றாள் ஷைனி.
ரசீது கேட்கத் தோன்றியது எனக்கு.

பதினொரு கல், கடுகிலிருந்து சுண்டைக்காய் வரை,
ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தந்தார்கள்.
வேலைக்குத் திரும்பிய அன்று
யாரும் இல்லாதபோது மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.

வாந்தி நின்று, தின்றது தங்கட்டும்,
அப்புறம் வந்து கேளுங்கள் என்றிருக்கிறார்கள்.
விட்ட அளவில் பிடிக்கக் கூடாதாம்,
முதல் படியிலிருந்து ஏற வேண்டுமாம்.

நவாஸ் கடைக்கு அவளே போனாள்.
இப்போது ஊசி எங்கள் ஃபிரிட்ஜில்,
முட்டைத் தட்டில், கடைசிக் குழியில்.
ஞாயிறு காலை கதவைத் திறந்தாள்.
இரண்டு முட்டை எடுத்தாள்.
அதைத் தொடவில்லை.
"டாக்டரம்மா சொல்லட்டும்" என்று
கதவை இடுப்பால் சாத்தினாள்.
"ஒண்ணா, ரெண்டா?"
"ஒண்ணு" என்றேன்.
இரண்டு வேண்டியிருந்தது.
ஒரு நொடி நின்று
"ரெண்டு" என்றேன்.